ரோலர் டெர்பி பயிற்றுவிப்பும் தொண்டுப் பணியும்: திருகோணமலையில் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

ரோலர் டெர்பி என்ன விளையாட்டு? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நான்கு சக்கர ஸ்கேட் அணிந்து, நீள்வட்டத் தடத்தில் இடஞ்சுழியாக ஓடும் அணி விளையாட்டு. பந்து கிடையாது. ஒவ்வொரு அணியிலும் ஐந்து பேர் தடத்தில் இறங்குவார்கள். தலைக்கவசத்தில் நட்சத்திர உறை போட்டவர் ஜாமர். மற்ற நால்வரும் பிளாக்கர்கள். அந்த நால்வரில் ஒருவர் கோடு போட்ட உறையுடன் பிவட்டாக நிற்கலாம். ஜாமர் எதிரணி பிளாக்கர்களைக் கடந்து வெளியே வரவேண்டும். முதற்சுற்றுக்குப் புள்ளி இல்லை. அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் கடக்கும் ஒவ்வொரு எதிரணி பிளாக்கருக்கும் ஒரு புள்ளி. ஆட்டம் ஜாம் எனப்படும் சிறு பகுதிகளாக நடக்கும். ஒரு ஜாம் அதிகபட்சம் 2 நிமிடம், அடுத்த ஜாமுக்கு முன் 30 விநாடி இடைவெளி, மொத்த ஆட்டம் 30 நிமிடப் பாதிகள் இரண்டு. பிளாக்கர் கூட்டத்தை விதிப்படி முதலில் கடந்தவர் முன்னணி ஜாமர். அவர் இரு கைகளாலும் இடுப்பைத் திரும்பத் திரும்பத் தட்டி ஜாமை இடையிலேயே முடித்துவிடலாம். முதன்முறை பார்க்க வருபவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

1935இல் சிக்காகோவில் லியோ செல்ட்சர் தொடங்கிய இந்த விளையாட்டு, தொலைக்காட்சிக் கேளிக்கையாகிப் பின்னர் மங்கியது. 2000களின் தொடக்கத்தில் டெக்சஸின் ஆஸ்டின் நகரப் பெண்கள் அதை மீண்டும் கையில் எடுத்தார்கள். இன்று பெரும்பாலான குழுக்கள் கைக்கொள்வது, 2004இல் உருவான பெண்கள் தட்டைத்தட ரோலர் டெர்பி சங்கத்தின் விதிகளைத்தான். விதிப்புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கீழே வரும் ஆட்ட விதிகளெல்லாம் அதன்படிதான்.

எனக்கு ஸ்கேட் ஓடத் தெரியாது. நான் வந்து என்ன பயன்?

உங்களைத்தான் முதலில் தேடுகிறோம். ஒழுங்கான ஆட்டமொன்றுக்கு ஸ்கேட் அணிந்த நடுவர்கள் ஏழு பேர் வரை தேவை. அதற்குமேல், சாதாரண சப்பாத்தோடு நிற்கும் அலுவலர்கள் பத்துப் பேரளவில் வேண்டும். ஜாம் நேரம் பார்ப்பவர், ஒவ்வொரு ஜாமருக்கும் புள்ளி எழுதுபவர், பலகையில் புள்ளியை மாற்றுபவர், எந்த ஜாமில் யார் இறங்கினார் என்று குறிப்பவர்கள், பெனால்டிகளைப் பதிபவர், அவற்றை உள்வட்டத்தில் வெள்ளைப்பலகையில் எழுதிக் காட்டுபவர், தண்டனை பெற்றவர் உட்காரும் பெனால்டி பெட்டியின் பொறுப்பாளரும் அவருக்குக் கீழ் நேரம் பார்ப்பவர்களும் என்று பட்டியல் நீளும். ஸ்கேட்டர்கள் எப்படியோ சேர்ந்துவிடுவார்கள். இந்தப் பத்துப் பேர் இல்லாமல்தான் குழுக்கள் ஆட்டம் வைக்க முடியாமல் மாதக்கணக்காகப் பயிற்சியோடே நின்றுவிடுகின்றன.

ரியூசன் வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டிவந்து காத்திருக்கும் பெற்றோர், முழங்கால் வலியால் ஓடாதவர்கள், கணக்கில் கூர்மையான உயர்தர மாணவர்கள் எல்லாரும் இதற்குப் பொருத்தமானவர்கள். புதியவரை முதல் நாளே புள்ளி எழுத விடவேண்டாம். பெனால்டி பெட்டியில் தொடங்குங்கள், அடுத்து இறங்கியவர் பட்டியல், அதன்பின் புள்ளி. ஜாம் நேரம் கடைசி. அந்த வேலையில் பிழை விட்டால் ஆட்டம் முழுவதும் தடுமாறும்.

பெனால்டி பெட்டியில் நேரம் பார்ப்பது எப்படி?

ஒரு பெனால்டி 30 விநாடி. ஸ்கேட்டர் கதிரையில் உட்கார்ந்த கணத்தில் கடிகாரத்தை அழுத்துங்கள், பெட்டிக்குள் நுழைந்தபோது அல்ல. கடைசி 10 விநாடி வந்ததும் எழும்பச் சொல்லவேண்டும், 30 முடிந்ததும் விடவேண்டும். ஜாம் முடிந்தால் கடிகாரமும் நிற்கும், அடுத்த ஜாம் தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து ஓடும். புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். நான்கு விசில் கேட்டதும் விரல் தானாக அழுத்தும்வரை பழகுங்கள்.

இரண்டு ஜாமர்களும் பெட்டிக்கு வந்தால் கணக்கு மாறும். இரண்டாமவர் உட்கார்ந்ததும் முதலாமவர் வெளியேறுவார். முதலாமவர் எவ்வளவு நேரம் இருந்தாரோ அவ்வளவு நேரமே இரண்டாமவருக்கும். முதலாமவர் 12 விநாடி இருந்திருந்தால் இவருக்கும் 12தான். கைப்பேசியின் நிறுத்துக்கடிகாரத்தை நம்பவேண்டாம்: வியர்த்த விரலுக்குத் திரை கேட்காது, நடுவில் அழைப்பும் வரும். பொத்தான் உள்ள கடிகாரம் ஆளுக்கு இரண்டு வேண்டும். ஒரே ஸ்கேட்டர் ஏழாவது பெனால்டி வாங்கினால் ஆட்டத்திலிருந்தே வெளியேறவேண்டும். அதைக் கவனிப்பது பதிவாளரின் வேலை. ஐந்தாவதிலேயே அணித்தலைவருக்குச் சொல்லிவைப்பது நல்ல பழக்கம்.

நடுவராக நிற்கும் தம்பிக்கு, விளையாடும் அக்காமாருக்குப் பெனால்டி கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஊர் சிறியது, எல்லாரும் எல்லாருக்கும் உறவு. ஆனால் விதியே இதற்கு வழி வைத்திருக்கிறது. நடுவர் சொல்லவேண்டியவை மூன்றுதான்: சட்டையின் நிறம், இலக்கம், குற்றத்தின் பெயர். ஒரு நீண்ட விசில், பிறகு ‘கறுப்பு, இரண்டு நான்கு’ என்று இலக்கங்களைத் தனித்தனியாகச் சொல்லிக் கைச்சைகை காட்டினால் போதும். அக்கா, மச்சாள், ரீச்சர் எல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு. பயிற்சி நாட்களிலும் தடத்துக்குள் இலக்கத்தால் மட்டுமே கூப்பிடுங்கள். சில வாரங்களில் கூச்சம் போய்விடும்.

நடுவரோடு கதைக்கும் உரிமை அணித்தலைவருக்கும் அவருக்கு மாற்றாகக் குறித்தவருக்கும் மட்டுமே. முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்க, ஒவ்வொரு பாதிக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. ஓரத்தில் நின்று பெற்றோரோ அண்ணன்மாரோ நடுவரைத் திட்டினால், அவர்களை வெளியே கூட்டிப்போகும் பொறுப்பை ஆட்டத்துக்கு முன்பே ஒருவரிடம் கொடுங்கள், வயதில் மூத்தவராக இருந்தால் நல்லது. நடுவரே போய்ப் பேசக்கூடாது.

தமிழ், சிங்களம் இரண்டும் பேசுபவர்கள் கலந்த குழுவில் விசில்தான் பொதுமொழி. ஒரு குறுகிய விசில் ஜாம் தொடக்கம். இரண்டு குறுகியவை முன்னணி ஜாமர். நான்கு வேகமானவை ஜாம் முடிவு. ஒரு நீண்டது பெனால்டி. பயிற்றுவிப்பாளர் தன் வசதிக்காக வேறு விசில்களைக் கண்டுபிடிக்கவேண்டாம்.

பயிற்றுவிப்பாளர் குழுவிலேயே சிறந்த ஸ்கேட்டராக இருக்கவேண்டுமா?

இல்லை. விழுந்து எழும்பவும் நிற்கவும் பிழையின்றிச் செய்து காட்டத் தெரிந்தால் போதும். கெட்டிக்கார ஸ்கேட்டர்கள் பலர், தங்கள் கால் என்ன செய்கிறது என்று தங்களுக்கே தெரியாமல் செய்கிறார்கள். அவர்களால் மற்றவருக்கு அதைப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. பயிற்றுவிப்பாளரும் ஓடிக்கொண்டே பயிற்றுவிப்பதைத் தவிருங்கள். தொடக்கநிலையில் எட்டுப் பேருக்கு ஒருவராவது தடத்துக்கு வெளியே நின்று கால்களை மட்டும் பார்க்கவேண்டும்.

முதல் சில வகுப்புகளில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

விழுவதை. ஸ்கேட் போடாமல், கவசங்களோடு, ஒரு பாயில் அல்லது புல்லில் தொடங்குங்கள். ஒற்றை முழங்கால் விழுதல்: இடுப்பைத் தாழ்த்தி, ஒரு முழங்காலின் கவசத்தை நிலத்தில் வைத்து, மற்றப் பாதம் நிலத்திலேயே இருக்க, கையூன்றாமல் எழும்புவது. இதை இரு பக்கமும் பத்துப் பத்து முறை செய்யட்டும். பிறகு இரு முழங்கால் விழுதல், அதன்பின் முழங்கால்களும் முழங்கைகளும் நிலத்தைத் தொடும் நாற்புள்ளி விழுதல். விரல்களை முஷ்டியாக மடக்கியே வைத்திருக்கவேண்டும். விரித்த விரல்மேல் பின்னால் வருபவரின் சக்கரம் ஏறும். பின்பக்கமாகச் சரிந்தால் நாடியை நெஞ்சோடு ஒட்டி, ஒரு பக்கப் பிட்டத்தில் விழச் சொல்லுங்கள். நடுவில் விழுந்தால் வால் எலும்பில் அடிபடும். விழுந்தவர் மூன்று விநாடிக்குள் எழும்பவேண்டும் என்பதே இலக்கு.

அடுத்தது நிலை. முழங்கால் மடிந்து, இடுப்பு பின்னுக்கு, நெஞ்சு நிமிர்ந்து, கணைக்கால் சப்பாத்தின் நாக்கை அழுத்தவேண்டும். கிட்டத்தட்ட எல்லாரும் செய்யும் பிழை, முழங்காலை மடிக்காமல் இடுப்பிலிருந்து முன்னே குனிவது. இப்படிக் குனிந்தவரை யாரும் தள்ளத் தேவையில்லை, தானாகவே முன்பக்கம் விழுவார். ‘குனியாதே’ என்று கத்துவதைவிட ‘எதிர்ச் சுவரைப் பார்’ என்று சொல்வது வேலை செய்கிறது.

பிறகு நிற்பது. பாதங்களைத் தோளைவிட அகலமாக வைத்து, விரல்முனைகளை உள்ளே திருப்பி, குதிகால்களை வெளியே தள்ளி நிற்பது முதலாவது முறை. கால் நேராக விறைத்திருந்தால் விசை நிலத்துக்குப் போகாது, ஆள் நழுவிக்கொண்டே போவார். மென்மையான சக்கரமும் சொரசொரப்பான சீமெந்தும் சேர்ந்தால் இதன் மறுபக்கம் நடக்கும்: சக்கரம் சட்டென்று பிடித்து ஆளைக் கவிழ்க்கும். அங்கே மிக மெதுவான வேகத்தில் பழகத் தொடங்கவேண்டும். இரண்டாவது முறை, பின்காலைச் செங்குத்தாகத் திருப்பி நான்கு சக்கரமும் நிலத்தில் உரச இழுப்பது. முன் உட்சக்கரம் மட்டும் உரசினால் உடல் சுழலும், அந்தச் சக்கரமும் ஒரு பக்கம் தேய்ந்து போகும். யாருடைய ஸ்கேட்டில் ஒரு சக்கரம் மட்டும் கூம்பாகத் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே யார் பிழையாக நிற்கிறார் என்று தெரிந்துவிடும்.

இவை வந்தபின்தான் குறுக்கடி (ஒரு காலை மற்றதற்குக் குறுக்கே வைத்து ஓடுவது), திரும்பிப் பின்பக்கமாக ஓடுவது, ஸ்கேட்டின் முன்முனையிலுள்ள விரல்முனைத் தடையில் நிற்பது எல்லாம். 5 நிமிடத்தில் 27 சுற்று என்ற பழைய அளவுகோலைப் பல குழுக்கள் வாசற்படியாக வைத்திருந்தன. தாக்குப்பிடிக்கும் பலத்தை அளக்க அது உதவும், ஆளைக் கழிக்க அதைப் பயன்படுத்தவேண்டாம். முழு அளவில்லாத தடத்தில் அந்த எண்ணுக்குப் பொருளும் இல்லை.

எப்போது மோத விடலாம்?

நாட்கணக்கு வைக்காதீர்கள். நடுத்தர வேகத்திலிருந்து சுமார் 3 மீட்டருக்குள் நிற்க வேண்டும். இரு முழங்காலாலும் கையூன்றாமல் விழுந்து எழும்ப வேண்டும். கைநீள இடைவெளியில் கூட்டமாக 5 நிமிடம் யாரையும் தொடாமல் ஓட வேண்டும். மூன்றும் செய்பவர் தயார், மற்றவர் காத்திருக்கட்டும்.

முதலில் நின்ற இடத்தில் தோளோடு தோள் சாய்ந்து தள்ளுவது, பிறகு மெல்ல உருளும்போது இடுப்பால் அழுத்துவது, பிறகு மூன்று பேர் சுவராக நின்று ஒரு ஜாமரைத் தடுப்பது. தூரத்திலிருந்து வேகமாக வந்து மோதுவது எல்லாவற்றுக்கும் கடைசி. தோள், மேற்கை, உடல், இடுப்பு, மேல்தொடை ஆகியவற்றால் மோதலாம். தலை, முழங்கை, முன்கை, கை, தொடையின் நடுவுக்குக் கீழ் ஆகியவற்றால் கூடாது. எதிராளியின் முதுகு, தலை, கழுத்து, தொடையின் நடுவுக்குக் கீழ் ஆகிய இடங்களில் படவும் கூடாது. பழகுபவர்களில் முன்கையால் தள்ளும் வழக்கமே அதிகம். இரு கைகளாலும் தன் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்யவிட்டால் அது குறையும்.

வலைப்பந்தாட்டக் கோட் போதுமா?

முழுத் தடத்துக்குப் போதாது. தடத்தின் வெளிக்கோடே சுமார் 26.8 மீட்டர் நீளம், 16.8 மீட்டர் அகலம். சுற்றிவர 3 மீட்டர் பாதுகாப்பு இடம் சேர்த்தால் 33க்கு 23 மீட்டர். வலைப்பந்தாட்டக் கோட் 30.5க்கு 15.25, கூடைப்பந்துக் கோட் 28க்கு 15. கோட்டைச் சுற்றிலும் சீமெந்து நீண்டிருந்தால் சரி. மணலாகவோ புல்லாகவோ இருந்தால் அந்த விளிம்பில்தான் கணுக்கால் முறியும். அப்படியான இடத்தில் சிறிய தடம் போடுங்கள்: உள்வட்ட ஆரை 2.5 மீட்டர், இரு மையங்களுக்கும் இடையே 10 மீட்டர், தட அகலம் 3 மீட்டர். மொத்தம் 21க்கு 11 மீட்டர்தான் வரும். கம்பங்களைக் கழற்றிவிடுங்கள், முடியாவிட்டால் பழைய மெத்தையைச் சுற்றிக் கட்டுங்கள்.

முழு இடம் கிடைத்தால் வரையும் முறை இது. 10.67 மீட்டர் இடைவெளியில் இரு மையப்புள்ளிகள் வையுங்கள். அவற்றிலிருந்து 3.81 மீட்டர் ஆரையில் இரு அரைவட்டம் வரைந்து நேர்கோட்டால் இணைத்தால் உள்கோடு வரும். வெளிக்கோட்டுக்கு ஆரை 8.08 மீட்டர், ஆனால் மையங்கள் அதே இடத்தில் அல்ல: ஒன்றை ஒரு பக்கமாகவும் மற்றதை எதிர்ப்பக்கமாகவும் 30.5 சென்ரிமீட்டர் தள்ளவேண்டும். எது எந்தப் பக்கம் என்பதை விதிப்புத்தகத்தின் படத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வரைந்தபின் நேர்ப்பகுதியின் இரு முனைகளையும் அளந்து பாருங்கள்: ஒரு முனை 3.96, மறுமுனை 4.57 வரவேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் நூல் இழுபட்டிருக்கும். நைலோன் நூலை விட்டு இரும்பு அளவுநாடாவால் வரையுங்கள். உள்கோடு 45, வெளிக்கோடு 72 மீட்டர், ஆக 117 மீட்டர். 20 மீட்டர் ரேப் (ஒட்டுநாடா) சுருள்கள் ஆறும் இந்தக் கோடுகளுக்கே போய்விடும், தொடக்கக் கோடுகளுக்கு இன்னொன்று வாங்குங்கள். ரேப்புக்கு அடியில் 6 மில்லிமீட்டர் கயிறு ஓடவிட்டால், எல்லையை மீறியதைக் குனிந்து பார்க்காமலே கால் சொல்லிவிடும்.

வெயிலும் மழையும்?

கச்சான் வீசும் மாதங்களில் காலை ஏழரைக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின். நடுப்பகலில் கூரையுள்ள மண்டபமென்றாலும் வேண்டாம், கவசத்துக்குள் உடல் ஆறாது. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், கால்மணிக்கு ஒருமுறை சில மிடறு. வியர்த்துக் கொட்டும் நாட்களில் ஒரு லீற்றருக்கு ஒரு ஜீவனிப் பக்கற் கரைத்து வையுங்கள். ஒருவர் பிதற்றத் தொடங்கினால், தடுமாறி நடந்தால் உடனே கவசங்களைக் கழற்றி உடலெங்கும் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தபடி அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள்.

காற்று கொண்டுவரும் மணல் ஆபத்து. ஒவ்வொரு வகுப்புக்கும் முன் இருவர் தும்புத்தடியோடு கோட்டைக் கூட்டவேண்டும். சக்கரம் மணலில் ஏறினால் எந்தத் திறமையும் உதவாது. மாரியில், குறிப்பாகக் கார்த்திகை, மார்கழியில், திறந்த கோட்டை மறந்துவிடுங்கள். ஈரச் சீமெந்தில் ஒருபோதும் ஓடவிடாதீர்கள். அந்த மாதங்களை விதிப்புத்தகம் படிக்கவும் அலுவலர்களைப் பழக்கவும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சைக்கிள் தலைக்கவசம் போதுமா?

தொடர்ந்து விளையாடப் போதாது. அதன் உள்நுரை ஒரே அடியில் நசுங்கிவிடும், வெளியே தெரியாது. பலமுறை அடிதாங்கும் ஸ்கேட் தலைக்கவசம் வாங்குங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, நாடிப் பட்டிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல். பல்காப்பு, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் கவசங்கள் எல்லாம் கட்டாயம். காசு போதாவிட்டால் ஸ்கேட்டில் குறைத்து முழங்கால் கவசத்தில் போடுங்கள். அணியும்போது ஸ்கேட்டுக்கு முன் தலைக்கவசம், மணிக்கட்டுக் கவசம் கடைசி. மாற்றிச் செய்தால் நாடாக் கட்ட முடியாது.

சக்கரத்துக்குள் இருக்கும் பெயரிங் துருப்பிடித்துப் போகிறது.

உப்புக்காற்று. ஒரு சோடியில் 16 பெயரிங். ரப்பர் மூடியை ஊசியால் நெம்பிக் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, முழுதாக உலரவிட்டு, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். டபிள்யூடி-40 அழுக்கைக் கழற்றும், ஆனால் நிலைத்த எண்ணெயாகாது. வாங்கும்போது அச்சு 7 மில்லிமீட்டரா 8ஆ என்று பாருங்கள், மாறி வாங்கினால் ஏறாது. சக்கரத்தின் கடினத்தை ஏ என்ற அளவில் குறிப்பார்கள்: சொரசொரப்பான வெளித்தரைக்கு 78ஏ போன்ற மென்சக்கரம், மினுக்கிய மண்டபத் தரைக்கு 90ஏ அளவில். ஒவ்வொரு வகுப்புக்கும் முன் சக்கர நட்டையும் விரல்முனைத் தடையையும் தொட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு தொண்டரை வாசலில் நிறுத்தலாம்.

ஹிஜாப் அணிபவர்கள், நோன்பு நாட்கள்?

தொங்கும் துணியும் ஊசியும் இல்லாத, தலையோடு ஒட்டிய மெல்லிய விளையாட்டு ஹிஜாப் போதும். அதை அணிந்தபடியே தலைக்கவசத்தை அளந்து வாங்கவேண்டும். முழுக்கைச் சட்டையும் நீள் காற்சட்டையும் தோல் உரசாமல் காக்கும், எல்லாருக்கும் நல்லது. கிண்ணியா, மூதூரிலிருந்து வருபவர்கள் இருந்தால் வெள்ளி நண்பகலைத் தவிருங்கள். நோன்பு மாதத்தில் ஓட்டத்தைக் குறைத்துத் தந்திர வகுப்பும் அலுவலர் பயிற்சியும் வையுங்கள், அல்லது நோன்பு திறந்தபின் நடத்துங்கள்.

பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், பெரியவர்களோடு மோத விடாமல். இளையோர் டெர்பியில் தொடுகையே இல்லாத படி, சாய்ந்து தடுக்கும் படி, முழு மோதல் என்று படிகள் உண்டு. முதற்படியிலேயே ஆண்டுகள் விளையாடினாலும் குறையில்லை. பெற்றோரின் கையொப்பம், ஒவ்வாமை மற்றும் மருந்து விவரம், அவசர இலக்கம் மூன்றும் தாளில் இருக்கவேண்டும். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக்கூடாது, உடைமாற்றும் அறையிலும், வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் வாகனத்திலும். வாட்ஸ்அப் செய்தி பெற்றோரும் உள்ள குழுவில் மட்டும். ஐயம் எழுந்தால் குழுவுக்குள் பேசித் தீர்க்கப் பார்க்காமல் சிறுவர் உதவி இலக்கமான 1929க்குச் சொல்லுங்கள்.

தலையில் அடிபட்டால்?

அன்று அவருக்கு விளையாட்டு முடிந்தது. ‘நல்லாத்தான் இருக்கிறேன்’ என்று அவர் சொல்வது கணக்கில் சேராது. முடிவெடுப்பவர் பயிற்றுவிப்பாளரோ தலைவரோ அல்ல, அன்று முதலுதவிக்குப் பொறுப்பானவர். வெல்லும் ஆசை அவருக்கு இருக்காது. கழுத்துவலி, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, மயக்கம், இரட்டைப் பார்வை, கைகால் சோர்வு இவற்றில் ஒன்றிருந்தாலும் 1990. கழுத்தில் வலியென்றால் அசைக்காதீர்கள், தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். அறிகுறி இல்லாதவரையும் தனியே வீட்டுக்கு அனுப்பவேண்டாம், அன்று வாகனம் ஓட்டவும் விடவேண்டாம். வைத்தியர் அனுமதித்தபின் நடை, மெல்லோட்டம், தனிப் பயிற்சி, கூட்டப் பயிற்சி, மோதல் என்று படிப்படியாகத் திரும்பலாம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணிநேரம்.

எங்களிடம் எட்டுப் பேர்தான். ஆட்டம் வைக்க முடியுமா?

முடியும். அணிக்கு நால்வர்: ஒரு ஜாமர், மூன்று பிளாக்கர். மாற்றாள் இல்லாததால் ஜாமை ஒரு நிமிடமாகவும் இடைவெளியை ஒரு நிமிடமாகவும் வைத்துப் பத்து ஜாம் ஓடுங்கள். ஒவ்வொரு ஜாமுக்கும் ஜாமரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் வேகமான ஒருவரே நட்சத்திரத்தை வைத்துக்கொண்டிருப்பார், மற்றவர்கள் அடுத்த வாரம் வரமாட்டார்கள். வெளியே ஆறு பேர் தேவை: ஜாமருக்கு ஒருவராக இரு நடுவர், பிளாக்கர்களைப் பார்க்க ஒரு நடுவர், ஜாம் நேரத்துக்கு ஒருவர், புள்ளிக்கு ஒருவர், பெட்டிக்கு ஒருவர். நடுவர்கள் ஸ்கேட் இல்லாமல் உள்வட்டத்தில் நடந்தே பார்க்கலாம். ஆறு பேரும் கிடைக்காவிட்டால் புள்ளி எழுதுவதை விடுங்கள், பெட்டியை விடவேண்டாம். தண்டனை இல்லாமல் மோதிப் பழகியவர்களைப் பிறகு திருத்துவது கடினம்.